பிரியும்போது பங்கு



மணமுறிவு பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஊரில் முதலில் கேட்பது ஒரு புலம்பல். முன்பெல்லாம் இப்படி இல்லை, படித்த பெண்களுக்குப் பொறுமை போய்விட்டது, கைப்பேசி வந்து குடும்பத்தைக் கெடுத்தது, குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் நிற்க இடமில்லை என்று அது நீளும். அந்தப் புலம்பலை ஒதுக்கிவைத்துவிட்டு, கணக்கிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணவிலக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். மணமானவர்களில் நூற்றுக்குக் கால் பேர்கூட இல்லை, 0.24 விழுக்காடுதான். அதே கணக்கெடுப்பில் இன்னொரு கட்டம் இருக்கிறது. பிரிந்து வாழ்பவர்கள், ஆனால் விலக்குப் பெறாதவர்கள். அவர்கள் சுமார் 35 லட்சம் பேர். இரண்டு கட்டங்களிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண்கள் சீக்கிரம் மறுமணம் செய்துகொண்டு இந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

என் பேச்சு அந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றியது. நீதிமன்றப் படியேறியவர்களைப் போல இரண்டரை மடங்குப் பேர் ஏன் படியேறாமலே பிரிந்திருக்கிறார்கள்? ஊர்வாய்க்கு அஞ்சுகிறார்கள் என்பது ஒரு பதில். உண்மைதான். ஆனால் பல ஆண்டுகளாக இந்த வழக்குகளை நடத்திவரும் நான், அச்சத்துக்கு அடியில் ஒரு தெளிவான கணக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, கணவன் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி முதல்நிலை வாரிசு. பிரிந்து எத்தனை ஆண்டு ஆனாலும் அவள் மனைவிதான், பங்கு உண்டு. கணவன் அரசு ஊழியர் என்றால் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. மணவிலக்குத் தீர்ப்பு கைக்கு வந்த மறுநாள் இவை எல்லாம் போய்விடும். அந்த இழப்புக்கு ஈடாகச் சட்டம் அவளுக்குக் கொடுப்பது என்ன? ஜீவனாம்சம் கேட்கும் உரிமை. அதாவது, கேட்கலாம். பிரிந்த பெண்கள் 'பேர் மட்டும் இருக்கட்டும்' என்று சொல்வதைப் பலர் பத்தாம்பசலித்தனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சட்டத்தைச் சரியாகப் படித்தவள் சொல்லும் சொல்லாகப் படுகிறது.

நம் சட்டம் ஒரு திருமணத்தை எப்படி முடிப்பது என்று எழுபது ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறது. அந்தத் திருமணத்துக்குள் இருவரும் சேர்ந்து தேடியதை எப்படிப் பிரிப்பது என்று ஒரு வரிகூட ஒழுங்காக எழுதவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை அதற்கான விளக்கம்.

முதலில், 'முன்பெல்லாம் இல்லை' என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டில் பெரும்பான்மைச் சமூகங்களில் மணவிலக்கும் மறுமணமும் வழக்கத்தில் இருந்தவை. ஊர்ப்பெரியவர்கள் முன்னிலையில் தாலியைக் கழற்றிக் கொடுப்பது, பரிசப் பணத்தைத் திருப்பித் தருவது, பிறகு பெண் அறுத்துக்கட்டிக்கொள்வது என்பவை தென் மாவட்டங்களில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில், ஒரு துரும்பைக் கையில் கொடுத்து மணத்தை முறித்துக்கொண்ட வழக்கம் பதிவாகியிருக்கிறது. பிரியவே கூடாது என்ற விதி சில மேல்சாதிகளின் விதி. அது மெல்ல மெல்ல எல்லோருடைய பண்பாடாகவும் ஆக்கப்பட்டது. வசதி வந்த குடும்பங்கள் முதலில் கைவிட்டவற்றில் அறுத்துக்கட்டுதலும் ஒன்று.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இந்த வழக்கங்களை ஒழிக்கவில்லை. 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வழக்கத்தால் கிடைத்த மணவிலக்கு உரிமையைக் காப்பாற்றித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்ததென்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். இது தெரியாமல் இன்றும் முத்திரைத்தாளில் 'இனி நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, மணவிலக்கு ஆகிவிட்டதாக நம்பி மறுமணம் செய்துகொள்கிறார்கள். இரண்டாவது திருமணம் செல்லாது என்று பிறகு தெரியவரும்போது அடிபடுபவள் பெரும்பாலும் அந்த இரண்டாவது பெண்.

சட்டத்தின் வரலாற்றில் நமக்குப் பெருமைப்பட இடமிருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு மணத்தை ரத்துசெய்யும் உரிமையும் சொத்தில் சம உரிமையும் வேண்டும் என்று ஒரே மேடையில் தீர்மானம் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் உரிமைகள் என்று அந்த மேடையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடைசெய்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. மத்தியச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே. பிறகு தில்லியில் இந்துச் சட்டத் தொகுப்பு துண்டு துண்டாக நிறைவேறியபோது, திருமணம் 1955இல் ஒரு சட்டமாகவும் வாரிசுரிமை 1956இல் வேறொரு சட்டமாகவும் பிரிந்தன. முதலாவது சட்டம் உயிரோடிருக்கும் கணவன் மனைவி எப்படிப் பிரிவது என்று சொன்னது. இரண்டாவது, செத்தவர் சொத்து யாருக்கு என்று சொன்னது. உயிரோடு பிரிபவர்களின் சொத்து எந்தச் சட்டத்திலும் வரவில்லை.

வந்ததெல்லாம் ஒரு சிறு பிரிவு. 1955 சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, திருமணத்தின்போது இருவருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றி நீதிமன்றம் உத்தரவிடலாம். கட்டில், பீரோ, வெள்ளிக் குத்துவிளக்கு என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. திருமணத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளில் வாங்கிய மனையும் வீடும் அதில் வராது.

இந்த வெற்றிடத்தை நிரப்பியது குற்றம் சாட்டுதல். 1955 சட்டத்தில் கொடுமையும் கைவிடுதலும் மணவிலக்குக்குக் காரணங்களாகவே இல்லை. அவற்றைக் காட்டி நீதிமன்றப் பிரிவினைதான் கேட்கலாம். 1976 திருத்தம் அவற்றை மணவிலக்குக் காரணங்களாக்கியது; பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரியும் 13பி பிரிவையும் கொண்டுவந்தது. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் சம்மதிக்காவிட்டால் மற்றவர் குற்றத்தை நிரூபித்தே ஆக வேண்டும். நல்ல மனிதர்கள் இருவர் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் மனுக்களைப் படித்தால் நெஞ்சு பதறும். மாமியார் சொன்ன சொல், தேனிலவில் நடந்த சண்டை, படுக்கையறை விஷயம் என எல்லாம் பத்தி எண் போட்டு வரும்.

இப்போது அதோடு கைப்பேசிப் பதிவுகளும் வந்துவிட்டன. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்த கணவர் ஒருவரின் வழக்கில், அது தனியுரிமையை மீறிச் சேர்த்த சாட்சியம், ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவுசெய்திருந்தாலும் மணவிலக்கு வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சாட்சியச் சட்டத்தின் வழியில் அதற்கு நியாயம் இருக்கலாம். என்னைக் கேட்டால், குற்றத்தை நிரூபித்தால்தான் விடுதலை என்று வைத்திருக்கும் சட்டம் கடைசியில் போய்ச் சேரும் இடம் இதுதான். ஒரே வீட்டில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் பதிவுசெய்துகொண்டிருப்பார்கள்.

சம்மத மணவிலக்கு இந்தக் கசப்பைத் தவிர்க்கிறது. ஓராண்டு பிரிந்திருந்துவிட்டு மனுப்போட்டால், ஆறு மாதம் காத்திருந்து மறுபடி வந்து உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்ன பிறகு வேகம் கூடியிருக்கிறது. ஆனால் அந்தச் சம்மதம் எப்படித் தயாராகிறது என்பதை நீதிமன்ற வராந்தாவில் நின்றால்தான் தெரியும். கையெழுத்துக்கு விலை உண்டு. சீக்கிரம் வெளியே வர வேண்டியவர், மறுமணம் பார்த்திருப்பவர், வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டியவர், பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டியவர் விலையைக் கொடுக்கிறார். பெண்கள் கொடுக்கும் விலை அநேகமாக நகை. 'அது போனால் போகட்டும் மேடம், பிள்ளை என்கிட்ட இருந்தால் போதும்' என்ற வாக்கியத்தை நான் கேட்காத மாதம் இல்லை. பெண் வீட்டார் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம், கணவன் வீட்டார் அதை வெறுமனே பாதுகாத்து வைத்திருப்பவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அவளுக்கே சொந்தமான பொருளைத்தான் அவள் பேரத்தில் விட்டுக்கொடுக்கிறாள்.

மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணம் என்பதையே ஒரு காரணமாக ஏற்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978இல் பரிந்துரைத்தது. 2009இல் மறுபடியும் பரிந்துரைத்தது. இடையில் 2006இல் உச்ச நீதிமன்றமும் அரசுக்குச் சொன்னது. இன்றுவரை சட்டத்தில் அந்தக் காரணம் இல்லை. 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, 142ஆம் உறுப்பின் அதிகாரத்தால் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணத்தைக் கலைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்காக நேரே தில்லிக்குப் போய் மனுப்போடவும் முடியாது. கீழிருந்து வழக்கை நடத்திக்கொண்டு மேலே போக வேண்டும். பரமக்குடியிலோ பாலக்கோட்டிலோ இருக்கும் ஒருவருக்கு இதனால் என்ன பயன்?

இந்தக் கதையில் நம் வழக்கறிஞர்களே பலர் மறந்துவிட்ட ஒரு கட்டம் உண்டு. 2010இல் கொண்டுவரப்பட்ட திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, முறிந்த திருமணத்தை ஒரு காரணமாக்கியதோடு, கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரவும் வழிசெய்தது. மாநிலங்களவை அதை 2013 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறாமல், 2014இல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. எதிர்த்தவர்களில் பலர் முறிவைக் காரணமாக்குவதைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு உறுத்தியது பங்கு.

பங்கு ஏன் உறுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வரவுசெலவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் வேலை என்று வையுங்கள். அவர் சம்பளத்திலிருந்து வீட்டுக் கடன் தவணை போகிறது. அவள் சம்பளத்தில் மளிகை, பால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாமனாரின் மருந்து, தீபாவளித் துணி. யாரும் திட்டமிட்டு வஞ்சகமாகச் செய்வதல்ல இது. கடன் அவர் பெயரில் இருக்கிறது, அதனால் தவணை அவர் கணக்கில். பதினைந்து ஆண்டு கழித்துப் பிரிகிறார்கள். அவரிடம் கிரயப் பத்திரம் இருக்கிறது, வங்கி அறிக்கை இருக்கிறது, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது இருக்கிறது. அவள் சம்பளம் சாப்பிடப்பட்டுவிட்டது. இருவரும் சம அளவு செலவு செய்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வீடு ஒருவருடையது. முன்பணத்துக்கு அவள் நகையை விற்றுக் கொடுத்திருப்பாள். அதற்கும் தாள் இருக்காது. கணவனிடம் ரசீது வாங்கிக்கொண்டு நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவியை இந்தத் தமிழ்நாட்டில் நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போகாதவள் என்றால் அவளிடம் காட்டுவதற்கு அதுவும் இல்லை. 2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் கூறுகிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேரவில்லை. இந்த உழைப்புக்கு விபத்து இழப்பீட்டு வழக்கில் மதிப்பு உண்டு. இல்லத்தரசி சாலை விபத்தில் இறந்தால் அவருடைய உழைப்புக்கு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. இறந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த மதிப்பைக் கொடுக்கிறது. உயிரோடு பிரிந்தால் அதே உழைப்பின் மதிப்பு பூஜ்யம். இதைவிட வெட்கக்கேடான முரண்பாட்டை நம் சட்டத்தில் காட்டுவது கடினம்.

தமிழ்நாட்டிலிருந்து இதற்கு ஒரு மறுமொழி வந்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு அது. கணவர் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வேலைபார்த்தவர். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்தவர். அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்பது வழக்கு. கணவனின் வேலைக்கு நேரக்கணக்கு உண்டு, இல்லத்தரசியின் வேலைக்கு விடுமுறையே இல்லை, அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. மனைவியின் பங்களிப்பை ஏற்கும் சட்டம் இல்லாவிட்டாலும், அதை ஏற்க நீதிபதியைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்று எழுதினார். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆண்களை அனுப்பிய எத்தனையோ ஊர்களின் கதை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

ஆனால் அது தனி நீதிபதியின் தீர்ப்பு. சொத்துரிமை பற்றிய இரண்டாம் மேல்முறையீட்டில் வந்தது, மணவிலக்கு வழக்கில் அல்ல. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஜீவனாம்சம் என்பது பிரிந்த துணையின் செல்வ நிலைக்குத் தன்னைச் சமப்படுத்திக்கொள்ளும் வழியல்ல என்று கூறியிருக்கிறது. ஜீவனாம்சச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரியான விளக்கம்தான். பிழைக்க வழி கொடுப்பதற்கு எழுதிய பிரிவிலிருந்து பங்கைப் பிழிந்தெடுக்க முடியாது.

பிழைக்க வழியாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் பெரும்பாடு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு ஆகியிருக்கிறது. எண் மாறியிருக்கிறது, வாய்தா மாறவில்லை. ஒருகாலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது என்ற உச்சவரம்பு அதில் இருந்தது, 2001இல்தான் நீக்கினார்கள். இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனுப்போட்ட நாளிலிருந்து தொகை கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்த நெறிமுறை உண்மையிலேயே உதவியிருக்கிறது. ஆனால் உத்தரவு வாங்கியபின் வசூலிப்பதற்கு இன்னொரு மனு, அதற்கு ஓராண்டுக் காலக்கெடு, பிறகு சம்பளப் பற்றுகை. சொந்தத் தொழில் செய்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? கடை தம்பி பெயருக்கும், வண்டி அம்மா பெயருக்கும் மாறியிருக்கும்.

பங்கு என்ற எண்ணம் வெளிநாட்டுச் சரக்கு, நம் குடும்ப அமைப்புக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்குத் தமிழ் மண்ணிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை. 1707 வாக்கில் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்துக் கொடுத்த அந்த வழக்காற்றுச் சட்டம் குடும்பச் சொத்தை மூன்றாகப் பார்க்கிறது. முன்னோர் வழி வந்த முதுசம், பெண் கொண்டுவந்த சீதனம், திருமணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்திருந்த காலத்தில் சேர்ந்த தேடியதேட்டம். தேடியதேட்டம் கணவன் மனைவி இருவருக்கும் உரியது என்பது அதன் அடிப்படை. யார் பெயரில் வாங்கினார்கள் என்ற கேள்வியில் அது முடிந்துவிடுவதில்லை. ஆங்கிலேயர் 1911இல் இதைக் கட்டளைச் சட்டமாக்கினார்கள், 1947இல் திருத்தினார்கள். தேசவழமையை நான் வானளாவப் புகழவில்லை. மணமான பெண் தன் நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று வைத்திருக்கும் சட்டமும் அதுதான். அந்தக் கட்டுப்பாட்டை யாழ்ப்பாணப் பெண்கள் நீண்டகாலமாக எதிர்த்துவருகிறார்கள். ஆனால் இல்லறத்தில் தேடியது இருவர் தேட்டம் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் வழக்கில் இருந்திருக்கிறது. இந்தியாவுக்குள்ளேயே கோவாவில், போர்த்துகீசியர் விட்டுப்போன குடிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தம்பதியின் சொத்து பொதுச்சொத்து, பிரிந்தால் பாதி.

கிறித்தவ, இஸ்லாமியப் பெண்களின் நிலையை இங்கே சுருக்கமாகத்தான் தொட முடியும். 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தில், கணவன் மனைவியின் பிறழுறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ பிறழுறவோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001 வரை, அதாவது நம் காலம்வரை, அதுதான் சட்டம். இஸ்லாமியப் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றம் வழியாக மணத்தைக் கலைக்க உரிமை தந்தது. 1985இல் ஜீவனாம்சம் பற்றிய ஷா பானு வழக்கு, 1986இல் தனிச்சட்டம், 2017இல் முத்தலாக் செல்லாது என்ற தீர்ப்பு, 2024 ஜூலையில் மணவிலக்குப் பெற்ற இஸ்லாமியப் பெண்ணும் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்ற தீர்ப்பு என்று நாற்பதாண்டுப் போராட்டம். இத்தனையும் வெளியேறும் உரிமையையும் பராமரிப்பையும் பற்றியவை. கோவாவை விட்டுவிட்டால், இல்லறத்தில் தேடியதில் பங்கு என்ற கேள்வி எந்த மதத்துப் பெண்ணுக்கும் விடையில்லாமல்தான் இருக்கிறது.

ஆண்களின் குறையையும் நான் தள்ளிவிட மாட்டேன். பொய்யாகவோ மிகைப்படுத்தியோ போட்ட குற்ற வழக்கில், வயதான பெற்றோரோடு காவல் நிலையத்துக்கு அலைந்தவர்களுக்காகவும் நான் வாதாடியிருக்கிறேன். அவர்கள் பட்ட அவமானம் உண்மையானது. வரதட்சணைக் கொடுமைப் புகார்களில் யோசிக்காமல் கைதுசெய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் காவல்துறைக்கு நெறிமுறை வகுக்க வேண்டிய நிலை வந்ததும் உண்மை. ஆனால் உண்மையான கொடுமை எத்தனையோ வீடுகளில் புகாராகவே வருவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை வழக்கு இருக்கிறது. அதில் கேட்க வேண்டியது வீட்டில் பங்கு. அதைக் கேட்கக் குடிமைச் சட்டத்தில் வாசல் இல்லாததால், வக்கீல் குற்ற வழக்கு வாசலுக்கு அழைத்துப்போகிறார். அங்கே நெருக்கினால் இங்கே பணம் வரும் என்ற கணக்கில். பங்கு இன்னதென்று சட்டமே சொல்லிவிட்டால் அந்த நெருக்கடிக்குத் தேவை குறையும். ஒரே தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள விரும்பும் கணவனுக்கும் அது நல்லது. காலமெல்லாம் மாதாமாதம் பகையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டாம்.

இதை யார் செய்வது? தில்லி செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் ஐந்தாவது இனம். மாநிலம் திருத்தம் செய்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம். தமிழ்நாடு இதை இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறது. 1967இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்தது. 1989இல் கலைஞர் அரசு கொண்டுவந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது; மத்திய அரசு அதே வழிக்கு வர 2005 ஆயிற்று. 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களை விட்டுவிட்ட குறை நம் திருத்தத்தில் இருந்தது. ஆனாலும் பாதையை முதலில் போட்டவர்களில் நாம் இருந்தோம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை என்ற பெயரில் மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கிய மாநிலம் இது. பெண்ணின் வீட்டுழைப்புக்கு அரசு கஜானா கடன்பட்டிருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த உழைப்பை நாள்தோறும் அனுபவித்த கணவனின் சொத்து கடன்படவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் கேட்கும் பிரிவு நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. திருமணத்துக்குப் பின் இருவரில் எவருடைய சம்பாத்தியத்திலாவது சேர்ந்த சொத்து, சேமநல நிதி, காப்பீட்டுச் சேமிப்பு ஆகியவை இருவருக்கும் சமம் என்று தொடங்க வேண்டும். பெற்றோர் வழி வந்ததும், திருமணத்துக்கு முன் வாங்கியதும், பெண்ணின் நகையும் அதில் சேரா. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை, அவர்களை வைத்திருப்பவருக்கு வீட்டில் குடியிருக்கும் உரிமை முதலில். ஓரிரு ஆண்டே நீடித்த திருமணத்தில் நீதிபதி விகிதத்தைக் குறைக்கலாம். வழக்கு வரும் என்று தெரிந்து உறவினர் பெயருக்கு மாற்றிய சொத்தை நீதிமன்றம் திரும்ப எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் பங்கைக் கேட்க மணவிலக்குத் தீர்ப்பு முன்நிபந்தனையாக இருக்கக் கூடாது. பிரிந்து வாழ்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

இங்கே பிரிப்பதற்குச் சொத்தே இல்லாத குடும்பங்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களுக்கு வரும் பெண்களில் கணிசமானோர் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களிடம் பிரிப்பதற்கு இருப்பது கடன். சுயஉதவிக் குழுவிலும் நுண்கடன் நிறுவனங்களிலும் கடன் பெண் பெயரில்தான் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் கணவன் ஷேர் ஆட்டோ வாங்கியிருப்பான், வண்டி அவன் பெயரில் பதிவாகியிருக்கும். அல்லது அவனுடைய தங்கை திருமணத்துக்குப் போயிருக்கும். பிரிந்த பிறகு வண்டி அவனோடு போகிறது. வாராவாரம் வசூலுக்கு வருபவர் அவள் தாய்வீட்டு வாசலில் நிற்கிறார். கூட வந்த குழுப் பெண்களும் அவளைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அவள் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். ஜீவனாம்ச மனுவில் இந்தக் கடனை நான் எழுதினால், அது மனுதாரர் தானே வாங்கிய கடன் என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். சட்டப்படி அந்த வரிக்குப் பதில் சொல்லவும் முடிவதில்லை.

ஆகவே வரைவில் சொத்து என்று எழுதும் இடத்திலெல்லாம் கடன் என்றும் எழுத வேண்டும். குடும்பத்துக்காக வாங்கிய கடன் யார் பெயரில் இருந்தாலும் இருவரும் அடைக்க வேண்டும், அந்தக் கடனில் வாங்கிய பொருள் யாரிடம் இருக்கிறதோ அவரே முதலில் அடைக்க வேண்டும் என்று. சட்டத்துறை மாணவர்கள் இங்கே இவ்வளவு பேர் இருக்கிறீர்கள். இந்த ஆண்டுக்குள் அப்படி ஒரு வரைவை எழுதி, சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க முன்வருபவர்களோடு உட்கார்ந்து வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.